சிவந்த வளைவு

லுணுகலைக்கு மேலே இருக்கிற பழைய அரண்மனைக்கு இன்று சுண்ணாம்பு அடித்தார்கள். அந்த வாசம் நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகள் வரை வந்தது. காலையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உலை வைத்தேன், அரிசி போட மறந்தேன். நாளை அங்கே பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். உன் மகளும் போக வேண்டுமாம்.

இத்தாலியில் பார்த்த அரண்மனையைப் போலவே நம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை இந்த மலையில் ஒன்றைக் கட்டினாரே, நாம் இருவரும் அங்கே கூட்டிப் பெருக்கினோமே, நினைவிருக்கிறதா? நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் கல் வளைவுகள், மாடியில் வரிசையாக ஜன்னல்கள். "இந்த மழைக்கு நடுவுல ஓட்டைய வச்சு வீடு கட்டுறாரே, இவரு துரையா தவளையா?" என்று கேட்டாய். வாசல் வளைவுக்கு மரநிலை இல்லாததுதான் உனக்குப் பொறுக்கவில்லை. "மஞ்ச பூசாத வாசலுக்குள்ள மனுசர் குடியிருக்கலாமாக்கா?" என்று கல்லிலேயே பூசிவிட்டாய். மாதா கோயிலுக்குப் போகிற நான் சிரித்தேன். துரை கத்தினார், அதன்மேல் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும்? இரத்தமாய்ச் சிவந்தது. துரை வெலவெலத்துப் போனார். நாம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு ஓடினோம்.

அவர் ஊருக்குப் போன பிறகு, காற்று நன்றாக வருகிறதென்று மாடியில் தேயிலைக் கொழுந்து வாட்டினார்கள். அப்புறம் ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். வலி எடுத்து உன்னை அங்கே தூக்கிப் போனபோது, வாசல் மஞ்சளை நீயே நினைக்கவில்லை. உன் புருசன் முன்பே காய்ச்சலில் போயிருந்தான். மாடி மூலையறையில் பிள்ளையை என் கையில் கொடுத்து, "பாத்துக்கக்கா" என்றாய். அதோடு சரி.

அந்த அறையில்தான் நாளை அவள் உட்காரப் போகிறாள். அவளுக்கு அது தெரியாது. "பள்ளிக்கூடமெல்லாம் வேணாம், எங்கூடக் கொழுந்தெடுக்க வா" என்று நேற்றுச் சொன்னேன். "நான் படிக்கணும் பெரியம்மா" என்று உன்னைப் போலவே முறைத்தாள். உன்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. செத்தும் உன் பிடிவாதம் விடவில்லையே!

சாயங்காலம் வேலையாட்கள் இறங்கிப் போனதும் நான் மேலே ஏறினேன். கழுத்தில் சிலுவை, மடியில் மஞ்சள். வாசல் வளைவில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. குழைத்த மஞ்சளைக் கை நிறைய எடுத்துப் பூசினேன். உடனே சிவந்தது. அங்கேயே நின்று அழுதேன்.

யார் செய்த வேலை இது என்று நாளை வாத்தியார் கத்துவார், கத்தட்டும். அவள் அதைத் தாண்டித்தான் உள்ளே போவாள். கையைக் கழுவிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். சிவப்பு இன்னும் போகவில்லை.