அதாவுல்லாவிடம் சொல்லாமல் விட்டது

ஆம்பூர்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் பூர்ணிமாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். மஸ்கட் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்க விரிஞ்சிபுரம் ஈஸ்வரன் துணை நிற்கட்டும். நீ கொடுத்தனுப்பிய தைலத்தை அம்மா இரண்டு வேளையும் முழங்காலில் தடவிக்கொள்கிறாள், வலி கொஞ்சம் கம்மி. உன்னோடு பத்தாவது வரை படித்து, பேரணாம்பட்டில் வாக்கப்பட்ட மேகலாவுக்குக் கார் கவிழ்ந்து கையில் அடிபட்டதை அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள். எப்படிக் கவிழ்ந்தது என்பது போன ஞாயிறு வரை அவளுக்கே தெரியாது, அதை நான்தான் சொல்ல வேண்டும்.

அங்கிருந்து இங்கே ஷூ கம்பெனிக்கு வரும் பெண்கள், மேகலாவையும் சேர்த்து ஆறு பேரைக் காலையில் ஏற்றிவந்து சாயந்தரம் கொண்டுபோய் விடுகிறவர் அதாவுல்லா. அந்த ரோட்டில் குழாய் போடத் தோண்டி, ஜல்லியைக் கொட்டி மூடிவிட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. மழையில் ஜல்லி அடித்துக்கொண்டு போய்ப் பள்ளம் மட்டும் நிற்கிறது. தினமும் அதில் விழுந்து எழுந்தால் எந்தக் கார் தாங்கும். அலைன்மெண்ட் போய்விடும், ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும், டயர் உள்பக்கம் மட்டும் தேயும். மாசம் ஒரு தடவை நான் வேலை செய்கிற டயர் கடைக்கு வருவார், நேராக்கி அனுப்புவேன், மறு மாசம் அதே கோணலோடு வந்து நிற்பார். சக்கரத்தைக் கீழே பிடித்து நிறுத்துகிற பால் ஜாயிண்ட் தளர்ந்திருக்கிறது, அதை மாற்றாமல் அலைன்மெண்ட் மட்டும் பார்த்துப் பிரயோஜனம் இல்லை என்று சித்திரையில் ஒரு தடவை, ஆனியில் ஒரு தடவை சொன்னேன். "ஒரு நாள் வண்டிய விட்டா ஆறு பொண்ணுங்களுக்கும் ஷிப்ட் போய்டும்ணா, பாத்துக்கலாம்" என்றார் முதல் தடவை. அடுத்த தடவை, "வந்தாலே இத சொல்லி பேஜார் பண்றியேண்ணா" என்று சலித்துக்கொண்டார்.

ஆடிக் கடைசியில் மறுபடி வந்தார். காரை லிஃப்டில் தூக்கி, இடதுபக்க முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். கடக்கென்று கையில் தட்டியது. முன்னே இருந்த ஆட்டம் இல்லை இது, ரொம்ப ஜாஸ்தி. வெளியே இன்னும் ஐந்து வண்டி நின்றது. அதாவுல்லா நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சொன்னால் முகத்தைச் சுளிப்பார், எப்படியும் ஒரு மாசம் ஓடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கம்ப்யூட்டரில் அளவெல்லாம் பச்சையாக வரும்வரை திருகிவிட்டு, சாவியைக் கையில் கொடுத்து, "சரி ஆய்டுச்சி, போய்ட்டு வாங்க" என்றேன். ஒன்பதாம் நாள் காலை, சின்னப் பாலத்துக்கு முன்னால் இருக்கிற பள்ளத்தில் இறங்கும்போது ஜாயிண்ட் கழன்று சக்கரம் சாய்ந்துவிட்டது. கார் வாய்க்காலில் கவிழ்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போனது. ஜன்னலோரம் இருந்த மேகலாவின் இடது கை காருக்கும் கல்லுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. வேலூரில் ஆபரேஷன் செய்து இரண்டு பிளேட் வைத்திருக்கிறார்கள். விரல் மடங்குமா என்பது ஆறு மாசம் போனால்தான் தெரியுமாம். ஷூ தைக்கிற மெஷினில் ஊசிக்கு நேராகத் தோலைப் பிடித்துக் கொடுக்கிற கை அது.

போலீஸ் கேட்டபோதும் பெண்களின் வீட்டார் கேட்டபோதும் அதாவுல்லா சொன்னது ஒன்றுதான், "ரத்தினசாமி அண்ணன் சொல்லிக்கினேதான் இருந்தாரு, நான்தான் கேக்கல." கடையில் எல்லாரும் என்னைப் பெரிய மனிதனாகப் பார்த்தார்கள். நானும் பதினோரு நாள் வாயைத் திறக்கவில்லை. சோறு இறங்கவில்லை, அம்மா அஜீரணம் என்று ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அதாவுல்லா வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வஜீதா பீடி சுற்றிக்கொண்டிருந்தாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டிருந்தார். கடைசித் தடவை பார்த்தும் சொல்லாமல் விட்டேன் என்று சொன்னேன். கத்தரியை நிறுத்தாமலே கேட்டார். வெட்டிய இலையை வஜீதா பக்கம் தள்ளிவிட்டு, "நீ சொல்லியிருந்தாலும் நான் எடுத்துக்கினுதான் போயிருப்பேண்ணா" என்றார். போயிருப்பாரோ என்னவோ, எனக்கு மனசு லேசாகவில்லை. அப்படியே நடந்து மேகலா வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை, ஏசவும் இல்லை. "அன்னிக்கு ஜன்னல் சீட்ட நான்தாம்பா கேட்டு வாங்கி உக்காந்தேன்" என்றாள். அதற்குமேல் அங்கே உட்கார என்னால் முடியவில்லை.

இந்தத் தாள் உன் கைக்கு வருவதற்குள் ஸ்டேஷனில் நடந்ததை எழுதிக் கொடுத்திருப்பேன், அம்மாவிடமும் சொல்லியிருப்பேன். கடையில் வேலை நிற்குமா என்று தெரியவில்லை, அதற்காக நீ கலங்காதே, லீவு போட்டுக்கொண்டு ஓடிவரவும் வேண்டாம். மேகலாவிடம் போனில் பேசு, நர்ஸ் வேலை பார்க்கிறவள் நீ, கைக்கு என்ன பயிற்சி செய்வது என்று அவளுக்குச் சொல்லிக் கொடு. நீ எந்தக் குறையும் இல்லாமல் தீர்க்காயுசாக இரு. இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நீ உடனே பரவாயில்லப்பா என்பாய். நானும் அதைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ரத்தினசாமி