முழங்காலுக்கு வெந்நீர்

அம்மாவுக்கு மானஸாவின் நமஸ்காரம். முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

ஆபீஸ் வேலையா நியூ ஜெர்சியிலேர்ந்து இங்கிலாந்து வந்திருக்கேன். ஞாயித்துக்கிழமை 'பாத்'ங்கிற பழைய ஊருக்குப் போனேன். ரோமானியர் கட்டின குளத்துல பூமிக்குள்ளேர்ந்து வெந்நீர் வருது. பக்கத்துலயே அவா கும்பிட்ட அம்மன் கோவில் இருந்த இடம். உன் கால் ஞாபகம் வந்துடுத்து. தலையில தெளிச்சுண்டு, பாட்டில்லயும் பிடிச்சேன். அங்கே வேலை பார்க்கற வெள்ளைக்கார மாமி ஓடிவந்து, "இதுல கிருமி இருக்கு, தொடவே கூடாது"ன்னு பாட்டிலைக் காலி பண்ணி, சோப்பு போட்டுக் கை கழுவ வச்சுட்டா. பயப்படாதே, எனக்கு ஒண்ணும் ஆகலை.

நான் நியூ ஜெர்சி திரும்பினதும், வீல்சேர் சொல்லி உனக்கு அங்கே வர டிக்கெட் போட்டுடறேன். வரும்போது என் பழைய போர்வையைக் கொண்டு வா, அங்கே வாங்கினது எதுலயும் தூக்கம் வரலை. இந்தத் தடவையும் கால் வலின்னு தள்ளிப்போடாதே. சோப்பு போடறதுக்கு முன்னாடியே அந்த அம்மன்கிட்ட உன் காலுக்கு வேண்டிண்டாச்சு.

மானஸா