போனில் பழுது இல்லை

அன்புள்ள வாலுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, அக்கா மூவரும் சுகம். நீயும் அப்படியே என்று வழக்கம்போல எழுதிவிட்டுப் போக இந்தத் தடவை கை வரவில்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஊர் ஸ்பீக்கரையெல்லாம் பழுது பார்க்கிறவன் வீட்டிலேயே போன் சரியில்லை என்று அம்மா என்னை ஒரு வழி பண்ணிவிட்டாள். புள்ள குரல் கிணத்துக்குள்ளேருந்து வருது, நீங்கல்லாம் என்ன மெக்கானிக்கு என்று கேட்டாள். நானும் கடையில் வாடிக்கையாளர் சாமானை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தப் போனைப் பிரித்துத் தூசி தட்டி, கடைசியில் ஸ்பீக்கரையே மாற்றிவிட்டேன். அப்புறமும் நீ பேசினால் அதே குரல்தான். பிறகு அக்கா வேலையிடத்திலிருந்து கூப்பிட்டாள், அவள் கத்தல் தெரு முழுக்கக் கேட்டது. அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். போனில் ஒன்றுமே இல்லை, உன் குரல்தான் இறங்கியிருக்கிறது என்பது எங்கள் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது.

உடனே உன் அறை நண்பனைக் கூப்பிட்டேன். அவனைக் கோபிக்காதே, நான் விடாப்பிடியாகக் கேட்டதால்தான் சொன்னான். கிடங்கில் ஏணியிலிருந்து விழுந்து உனக்குத் தலையில் அடிபட்டதும், ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும் நீ பாட்டுக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டதும், அதிலிருந்து தூக்கம் கெட்டு, சின்னச் சத்தத்துக்கெல்லாம் எரிந்து விழுந்து, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நீ அழுவதும் எல்லாம் தெரிந்தது. கேட்ட கையோடு அம்மாவும் நானும் தெருமுனை டாக்டரம்மாவிடம் ஓடினோம். ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலன்னாலும் தலையில அடிபட்டா மூளைக்குள்ள இருக்கிற ரசாயனங்களோட அளவு மாறலாம், அதனால தூக்கம், கோபம், மனசு எல்லாமே தடுமாறலாம், எல்லாருக்கும் அப்படி ஆகறதில்ல, ஆனாலும் பயப்பட வேண்டாம், வைத்தியம் இருக்கு என்றார். அம்மா அங்கேயே அழுதுவிட்டாள். பாவம், நீ எங்களை வெறுத்துவிட்டாய் என்று இத்தனை நாளும் தனக்குள்ளேயே புழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அதனால் நரம்பு டாக்டரையும் மனநல டாக்டரையும் நீ பார்த்தே ஆக வேண்டும். மனநலம் என்றதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, பல் வலித்தால் பல் டாக்டரிடம் போகிறாய் அல்லவா. விழுந்ததை மறைக்காமல் சொல். இருந்து என்ன பயன் என்று எப்போதாவது தோன்றினால் அதையும் சொல், அந்த நேரத்தில் தனியாக மட்டும் இருந்துவிடாதே, நண்பனை எழுப்பு, எங்களைக் கூப்பிடு.

உன்னைப் பார்க்க மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அம்மா துணி மடிக்க உன் அறைக்குப் போனால் வெளியே வர நேரமாகிறது, நானும் ஏன் என்று கேட்பதில்லை. அக்கா வம்புக்கு இழுக்க ஆளில்லாமல் என்னைப் படுத்துகிறாள். நீயோ விடுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டாயாம். பழையபடி ஆனதும் போறேன், இப்படியே அவங்க முன்னாடி போய் எப்படி நிக்கிறது என்று நண்பனிடம் சொன்னாயாமே. எரிந்து விழுந்தால் விழு, பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் படுத்திரு, பக்கத்து அறையில் நாங்கள் சத்தம் போடாமல் இருந்துகொள்கிறோம். பழையபடி ஆன பிறகு வா என்று உன்னிடம் யார் கேட்டார்கள்? இப்போது எப்படி இருக்கிறாயோ அப்படியே வா.

நிம்மதியாகத் தூங்கி எழுந்து நெடுநாள் நன்றாயிரு என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். டாக்டரைப் பார்க்கப் போகும் நாளை மறக்காமல் சொல்.

வாசலைப் பார்த்தபடி,
உன் அப்பா