கீழ்த் தோட்டத்துச் சுவர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம்; நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. மருந்தை மட்டும் நான் கையில் கொடுத்தால்தான் விழுங்குகிறார். அண்ணன் குழந்தை நடக்க ஆரம்பித்து, கண்ணில் பட்டதையெல்லாம் இழுத்துப் போடுகிறது.

ஒரு விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கீழ்த் தோட்டத்தில் இந்த வருஷமும் பனியில் திராட்சைத் துளிரெல்லாம் கருகிவிட்டது. போன வருஷம் கருகியபோது, ஒரு பனியை வைத்து முடிவுகட்டக் கூடாது என்று சும்மா இருந்தேன். இந்த முறை, ஆடு நுழையாமலிருக்க நீ கட்டிய சுவரின் இரண்டு பக்கமும் வெப்பமானி தொங்கவிட்டுப் பார்த்தேன். உள்ளேதான் குளிர் அதிகம். குளிர்காற்று தண்ணீர் மாதிரி, சரிவில் இறங்கி ஓடைப் பக்கம் போய்விடும். இப்போது சுவரில் முட்டித் தேங்குகிறது. ராத்திரிக் குளிர் வந்து போவதால்தான் நம் ஒயினில் அந்த மெல்லிய புளிப்பு. வந்தது தங்கிவிட்டால் துளிரே மிஞ்சாது. சுவருக்காக நீ பொறுக்கிய வெள்ளைக் கற்களும் கொடிக்கடியில் சும்மா கிடந்தவை அல்ல, பகல் வெயிலை வாங்கி வைத்து விடியும்வரை கதகதப்புக் கொடுத்தவை. பக்கத்துத் தோட்டத்து மாமா, ஆட்டுக்குக் கதவைச் சாத்திட்டு பனிக்குப் பாய் விரிச்சுட்டீங்களே என்று சிரித்தார். அன்றிலிருந்து அப்பா அவரோடு பேசுவதில்லை.

சுவரை இடித்துக் கற்களை மறுபடி கொடிக்கடியில் பரப்பலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். என் பொண்ணு கை கொப்புளிக்க அடுக்கினது, அதுல கடப்பாரை வைக்க எனக்கு மனசு வராது, வேணும்னா கொடியைப் பிடுங்கிடலாம் என்கிறார். நீ பிறக்கும் முன் நாங்கள் இருவரும் நட்ட கொடிகள். மேல் தோட்டத்தில் அறுவடை முடிந்ததும் பிடுங்க ஆளுக்குச் சொல்லியும் ஆயிற்று. தினமும் காலையில் காபியோடு போய் அந்தச் சுவரில் உட்கார்ந்துவிட்டுத்தான் வருகிறார்.

நீ எங்களுக்காகத்தான் கட்டினாய். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் சொன்னால் அவருக்கு ஏறாது. இடிச்சிடுங்கப்பா என்று நீ ஒரு வரி எழுது. போனில் வேண்டாம். நீ அழுதுவிடுவாய், அவர் உடனே இன்னொரு சுவர் கட்டக் கிளம்பிவிடுவார்.

எந்த ஊரில் இருந்தாலும் மனசும் உடம்பும் திடமாக இரு. வெளியே போகும்போது கழுத்தை மூடிக்கொள். அறுவடைக்கு முன் அப்பா பேருக்குக் கடிதம் வந்தாக வேண்டும். நான் கேட்டதாகத் தெரிய வேண்டாம். முதல் கல்லை அவரால் எடுக்க முடியாது. அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

உன் நலமே வேண்டும்,
அம்மா