சர்வருக்குப் பக்கத்தில் உன் படம்

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். பொரி கொட்டியது, கூடவே கொஞ்சம் பொட்டுக்கடலை. மானிட்டரின் நெற்றியில் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. எடைமேடை அறை முழுக்கச் சூட வாசனை. திரையில் போன வருடத்து அதே செய்தி: சர்வரோடு இணைக்க முடியவில்லை. விஜயதசமி காலை. வாசலில் பழைய இரும்பு ஏற்றி வந்த லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. உன்னைத்தான் முதலில் திட்டினேன்.

நம் கம்பெனி ஆயுதபூஜை, நீ தலையில் அடித்துக்கொள்ளும் கூத்து. எல்லாக் கம்ப்யூட்டரையும் நிறுத்தி, ஒயரைப் பிடுங்கி, துடைத்து, பொட்டு வைத்து அடுக்கிவிடுவார்கள். ரவுட்டரும் சாமிதான். மறுநாள் காலை வரை எதையும் தொடக்கூடாது. பிறகு யார் யாரோ ஒயரைச் சொருகுவார்கள். ரவுட்டர் கண் விழித்ததும் மெஷின்களுக்கெல்லாம் புதிதாக நம்பர் கொடுக்கும். சர்வருக்கும் வேறொரு நம்பர் வந்துவிடும். லாரி எடையைப் பதிகிற ப்ரோகிராமோ பழைய நம்பரையே தேடும், காலி செய்துபோன வீட்டின் கதவைத் தட்டுகிறவரைப் போல.

"சர்வருக்கு ஒரே நம்பர நிரந்தரமா குட்த்துட்டா தீந்துச்சு சார். எல்லா மெஷின்லயும் மாத்த அர நாள் வேணும், அவ்ளோதான்" என்று மேனேஜரிடம் நீ கேட்காத மாதம் இல்லை. "லோடு நிக்குதும்மா. பூஜை முடியட்டும், பாத்துக்கலாம்" என்பார். எந்தப் பூஜை என்று அவர் சொன்னதே இல்லை.

காலையில் வேலைக்குப் போகக் கவரைப்பேட்டையில் நாம் ஒன்றாக ரயில் ஏறுவோம். உட்காருவதற்குள் உன் போன் அடிக்கும். "பதில் வர்தா? வரலியா? அப்ப எதையும் தொடாத, அப்டியே வுடு, நான் வந்து பாத்துக்கறேன்" என்று கத்துவாய். பூக்கூடையோடு எதிரே இருந்த அம்மா ஒருமுறை, "இன்னா கண்ணு, யாருக்கு முடியல?" என்று கேட்டார். "சர்வருக்கு" என்றாய். அது யாரென்று புரியாமலே, "சரியாப் பூடும், கவலப்படாத" என்று உனக்கு ஒரு முழம் மல்லி கொடுத்தார். இறங்கும்வரை சிரித்தோம். அந்தச் சிரிப்பு இப்போது நினைத்தாலும் எனக்குக் கசக்கிறது.

போன வருடம் பூஜைக்கு முன்னால் உனக்குக் காய்ச்சல். "டாக்டரப் பாருடி" என்று கெஞ்சினேன். "பூஜ முடியட்டும்டி. மறுநாளு கனெக்‌ஷன் வந்துட்டா போறேன்" என்றாய். மேனேஜர் வாயில் இருந்த வார்த்தை உன் வாய்க்கு எப்படி வந்தது? பூஜையன்று மாலை ஆபீஸிலேயே சுருண்டு விழுந்தாய். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைப் பார்த்து, "இவ்வளவு நாள் என்னம்மா பண்ணீங்க?" என்றார். என்ன சொல்வேன் அவரிடம்?

மறுநாள் காலை, உன் கையில் குளுகோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. கனெக்‌ஷன் வரவில்லை என்றதும், டிரைவர் கெட்டுவிட்டதென்று மேனேஜர் முடிவு கட்டியிருந்தார். ப்ரோகிராம் பேசுவதை டேட்டாபேஸுக்குப் புரியவைக்கிற சின்ன மென்பொருள்தான் டிரைவர். அதற்கு ஒன்றுமே ஆகவில்லை. எடைமேடை ஆபரேட்டர் சாமுவேலை விட்டு அதை அழித்து, புதிதாக ஒன்றை ஏற்றவைத்துவிட்டார். நம் ப்ரோகிராம் பழசு, முப்பத்திரண்டு பிட்; ஏற்றியதோ அறுபத்துநாலு பிட். இரண்டும் ஒட்டவே ஒட்டாது. ஒரு கோளாறு இரண்டானது.

"மேடம், டிரைவர் போட்டுட்டேன், பேரு கூட வந்துகிது. ப்ரோகிராமத் தொறந்தா டிரைவரே இல்லன்னுது. ஒரே பேஜாரா கீது மேடம்" என்று சாமுவேல் அழாத குறையாகச் சொன்னது எனக்கே கேட்டது.

ஸ்டூலிலிருந்து எழுந்து போனைப் பிடுங்கப் பார்த்தேன். "குடுடி, நான் பேசறேன்."

"ஒனக்கு அந்த ப்ரோகிராம் தெரியாது. சம்பளக் கணக்குதானே ஒன்னுது, சும்மாருடி" என்று கையைத் தட்டிவிட்டாய். கண்ணை மூடிக்கொண்டே அவனிடம் சொன்னாய்: "எத்தினி வாட்டி சொல்லிகிறேன்? கனெக்‌ஷன் வரலன்னா டிரைவர் மேல கைய வெக்காதீங்க. மொதல்ல சர்வர் எங்க கீதுன்னு பாருங்க."

பழைய டிரைவரை ஏற்றவைத்து, புது நம்பரைக் கண்டுபிடித்து மாற்றவைத்து, முதல் லாரி எடை பதிவானதும்தான் போனை வைத்தாய். அதற்கு மறுநாள் நீ இல்லை.

இரங்கல் கூட்டத்தில் மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கடைசி மூச்சு வரைக்கும் கம்பெனிக்காக உழைச்சாங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டினார்கள்டி! உன் படத்துக்கு மாலை போட்டுச் சர்வர் அறையில் மாட்டினார்கள். அந்த அரை நாளை மட்டும் கொடுக்கவில்லை. உன் வேலை என் தலையில் விழுந்தது; தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். நானும் கேட்டேன். அதே பதில்தான் வந்தது.

நேற்றுப் பூஜையில் அந்த வரிசையைப் பார்த்தேன். ஸ்பேனர், சுத்தியல், ரவுட்டர், சர்வர், அதற்குப் பக்கத்தில் நீ. சுவரிலிருந்து இறக்கி, துடைத்து, உனக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். காலை வரை தொடக்கூடாத சாமான்களில் நீயும் ஒன்று. உனக்கு ஓர் அம்மா இருக்கிறார், எலுமிச்சை ஊறுகாய் என்றால் உயிரை விடுவாய், நீ சிரித்தால் ரயில்பெட்டியே திரும்பிப் பார்க்கும். இதில் எதுவும் தெரியாதவர்கள் உன்னை ஸ்பேனரோடு சேர்த்துக் கும்பிட்டார்கள்.

அதனால் இன்று காலை நான் யாரையும் கேட்கவில்லை. சாமுவேலிடம் எடைமேடையை நிறுத்தச் சொன்னேன். சர்வருக்கு நிரந்தரமாக ஒரு நம்பர் கொடுத்தேன். ஒவ்வொரு மெஷினாகப் போய் மாற்ற ஆரம்பித்தேன். லாரிகள் ஹைவே வரை நின்றன. மேனேஜர் ஓடிவந்தார்.

"யாரைக் கேட்டு நிறுத்தினே? லோடு நிக்கிறது கண்ணுக்குத் தெரியல?"

"நிக்கட்டும் சார். லாரிக்குக் காய்ச்சல் இல்ல."

அவர் சாமுவேல் பக்கம் திரும்பினார். சாமுவேல் அவரைப் பார்க்காமல், "அடுத்தது எந்த மெஷினு மேடம்?" என்றான். மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. அரை நாள்தான், நீ சொன்னபடியே.

சாயங்காலம் உன் படத்தின் பொட்டைத் துடைத்து, டிபன் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். இப்போது என் மேஜைமேல் இருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை உன்னை உன் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். இந்தக் கோபத்தை யாரிடம் கொடுப்பது? பாதி அவர்கள்மேல், பாதி உன்மேல். ஏன்டி அந்தப் போனை எடுத்தாய்?

இதை எழுதும்போதே மேனேஜர் கூப்பிடுகிறார். நான் எடுக்கவில்லை. போனை உன் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன், நன்றாகப் பார். அடிக்கிறது. இன்னும் அடிக்கிறது. ஓய்ந்துவிட்டது. அவ்வளவுதான்டி.