மெதுவாகத் திரும்பும் வில்லை

ஆம்பூர்
14.9.1984, வெள்ளி

அன்புள்ள பிலோமினா அக்காவுக்கு,

தம்பி இருதயராஜ் எழுதுவது. சிலுவை போடாமல் கடிதத்தைத் தொடங்காதே என்று அம்மா பின்னால் நிற்கிறாள். மேலே ஓரத்தில் போட்டுவிட்டேன். இங்கே மூவரும் சுகம். குவைத்தில் நீயும் வேலாயுதம் மாமாவும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

முதலில் நன்றி. எனக்கு அதெல்லாம் சரியாகச் சொல்ல வராது, உனக்கே தெரியும். என் எம்.ஃபில். ஆய்வேட்டைப் போன வாரம் கொடுத்துவிட்டேன். அதில் பாதி உன்னால் வந்தது. முகஸ்துதி இல்லை, காரணம் சொல்கிறேன்.

நீ பேசி அனுப்பிய போன கேசட்டில், "ரெண்டு வருசமா காலேஜ்ல இன்னாதான்டா பண்ற, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கேட்டிருந்தாய். நீ வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகள் வயிற்றில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியின் முனையில் ஒரு பீங்கான் வில்லை இருக்கும். நான் செய்வதும் அதற்குச் சொந்தம்தான், சட்டைப் பொத்தான் அளவு. அதற்குள் ஒவ்வொரு நுண்ணிய இடத்திலும் பிளஸ் ஒரு பக்கமும் மைனஸ் ஒரு பக்கமும் ஒதுங்கி, அம்புக்குறி மாதிரி ஒரு திசை இருக்கும். வோல்டேஜை மாற்றிக் கொடுத்தால் அம்புகள் எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். ஒழுங்கான படிகமென்றால் ஓரளவு வோல்டேஜ் வந்ததும் அநேகமாக எல்லாம் சேர்ந்து திரும்பிவிடும். என் வில்லையில் அணுக்கள் வரிசையில்லாமல் கலந்து கிடக்கின்றன. அதனால் ஒவ்வொரு சின்னக் கூட்டத்துக்கும் ஒரு தனிப் பிடிவாதம். சில உடனே திரும்பும். சில வெகுநேரம் எடுக்கும். சில மசியவே மசியாது.

நான் இதற்கெல்லாம் பொறுக்கவில்லை. வோல்டேஜ் கொடுத்த கையோடு மீட்டரைப் பார்ப்பேன், திரும்பவில்லை என்று குறிப்பேன், இன்னும் ஏற்றுவேன். ஒரு நாள் பட்டென்று பொறி பறந்து வில்லை இரண்டாகப் பிளந்தது. பக்கத்து மேஜை நிசார் அஹமது, "இன்னா தோஸ்த், தீபாவளி அதுக்குள்ள வந்துடுச்சா?" என்றான்.

வீட்டிலும் இதே கதைதான். நீ மாமாவைக் கட்டிக்கொண்டதிலிருந்து அப்பா உன் பேரை எடுப்பதில்லை. கேசட் போட்டால் எழுந்து தெருவுக்குப் போய்விடுவார். வெள்ளிக்கிழமை பின்னால் இருக்கும் டேனரிக்கு லீவு, தோலைப் புரட்டும் டிரம் ஓடாது, தெருவே அமைதியாக இருக்கும். அப்படி ஒரு வெள்ளியன்று நான் வாசலை மறித்து உட்கார்ந்து, டேப் ரிக்கார்டரை முழுச் சத்தத்தில் வைத்து, கேட்டுத்தான் ஆகணும் என்றேன். அப்பா வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு என்னைத் தாண்டிப் போனார். வெகு நாள் என்னோடும் பேச்சில்லை. "ஊருக்கே டமாரம் அடிச்சியே, கேக்க வேண்டிய ஆளுக்குக் கேட்டுச்சாடா?" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகுதான் காலேஜ் ஆபீசுக்கு உன் டிரங்க் கால் வந்தது. லைன் வருது, வருது என்று என்னை உட்கார வைத்தே கொன்றார்கள். கடைசியில் உன் குரல் வந்தது. பிள்ளை உண்டாகியிருக்கிறாய் என்றாய். "பிரசவத்துக்கு அங்க வரட்டுமாடா? அப்பா இன்னா சொல்வாரு?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது.

எரிச்சலோடு லேபுக்குத் திரும்பினேன். புது வில்லையில் கொஞ்சமாக வைத்த வோல்டேஜை அணைக்காமல் போனுக்கு ஓடியிருக்கிறேன். மீட்டர் முள் நான் விட்டுப் போன இடத்தில் இல்லை. நான் தொடாத நேரத்தில் உள்ளே ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டே இருந்திருக்கிறது. நீ கூப்பிடாமல் இருந்திருந்தால் உடனே அணைத்துவிட்டு, இதுவும் திரும்பவில்லை என்று எழுதியிருப்பேன். அந்த முள் நகரும் விதம்தான் என் ஆய்வே. நன்றிப் பக்கத்தில் உன் பெயர் இருக்கிறது. என் கைடு ராமமூர்த்தி சார் யார் இது என்று கேட்டார். "டிரங்க் கால் போட்டவங்க சார்" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்.

அதன் பிறகு வீட்டில் டேப் ரிக்கார்டரை நான் தொடவில்லை. அம்மாதான் வெள்ளிதோறும் சமைத்துக்கொண்டே உன் கேசட்டைச் சின்னச் சத்தத்தில் ஓடவிட்டாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அது எவ்வளவு பேஜார் என்று உனக்குத் தெரியும். அப்பா முதலில் தெருவில் நின்றார். அப்புறம் வாசற்படியில். அப்புறம் உள்ளே வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்தார். பக்கம் மட்டும் திருப்பவே இல்லை. ஒரு வெள்ளி, நீ லிப்டில் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிச் சிரிக்கும்போது, திரும்பாமலே, "சத்தம் கம்மியா கீது, ஜாஸ்தி வை" என்றார். அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

நீ பிரசவத்தைப் பற்றிக் கேட்டிருந்த கேசட்டை இன்று போட்டோம். முடிந்ததும் ரிக்கார்ட் பட்டன் எது என்று அப்பா என்னைக் கேட்டார். கூட அனுப்பியிருக்கும் கேசட் அவர் பேசியதுதான். பாதிவரை இருமலும் மூச்சும்தான் இருக்கும், கெட்டுப்போனது என்று தூக்கிப் போட்டுவிடாதே. அப்புறம் வரும்: "டிரம் ராவும் பகலும் ஓடும். புள்ளத் தூக்கம் கெடும். பின்னாடி ரூம்ல அந்தப் பக்கத்து ஜன்னல அடைக்கச் சொல்லிக்கீறேன்." அவ்வளவுதான். நிறுத்திவிட்டார்.

மாமாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த இடம் இன்னும் திரும்பவில்லை, உன்னிடம் மறைக்க மாட்டேன். வோல்டேஜை எடுத்தால் திரும்பியதிலும் கொஞ்சம் பழைய பக்கமே போய்விடும், அதையும் பார்த்திருக்கிறேன். அதனால் விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லும் மாதம் வருமுன் புறப்படு. மாமாவையும் கூட்டி வா. அப்பா முதுகைக் காட்டினால் காட்டட்டும். மாமா அந்த முதுகுக்குப் பின்னாலேயே உட்காரட்டும். நான் யார் வாசலையும் மறிக்க மாட்டேன்.

மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும் என்று அம்மா எழுதச் சொல்கிறாள். அப்பாவிடமும் ஏதாவது எழுதணுமா என்று கேட்டேன். "ஜன்னல் அடைச்சாச்சுன்னு எழுது" என்றார்.

இன்னும் அடைக்கவில்லை அக்கா. கொத்தனார் நாளைக்குத்தான் வருகிறார்.

உன் தம்பி,
இருதயராஜ்