வில்லங்கம் இல்லாத கேமரா

மார்ச் 4, செவ்வாய்

சட்டக் கருத்துக் கேட்டு வங்கி அனுப்பிய மூன்று பத்திரங்களைப் படித்து முடித்தேன். மூன்றிலும் வில்லங்கம். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ஒரு மனு காத்திருந்தது.

மனைவிக்குக் கேமரா வேண்டும். மிரர்லெஸ் என்கிற வகை. அவளோடு முன்பு கணக்குப் பிரிவில் வேலை பார்த்த பெண் ஒருத்தி, வேலையை விட்டுவிட்டு நாடகக் குழு நடத்துகிறாள். பேசினால் மூன்றாவது வீடு வரை கேட்கும். என்னளவில் அவள் பெயர் ஒலிபெருக்கி. 22ஆம் தேதி அவர்களுடைய புதிய நாடகம். படம் எடுக்க இவளைக் கேட்டிருக்கிறாள்.

"நல்லா வந்தா, ஊர் ஊரா போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கா" என்றாள். குழாயைத் திறந்துவிட்டதையே மறந்து பேசினாள். வாளி நிரம்பி வழிந்தது. நான்தான் மூடினேன்.

அவளே தேடி இரண்டாகக் குறைத்து வைத்திருந்தாள். "ரெண்டுல எதுன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க பாத்தா தப்பா இருக்காது."

இந்த வாக்கியத்தைச் சொன்னபடியே இங்கே பதிவு செய்கிறேன். பின்னால் யாராவது மறுக்கக்கூடும்.

மார்ச் 6, வியாழன்

வசதிக்காக முதலாவதை வாதி என்றும் இரண்டாவதைப் பிரதிவாதி என்றும் குறித்துக்கொண்டேன்.

வாதி எடை குறைவு, கைப்பையில் அடங்கும். நடமாடும் ஆளின் கண்ணைத் தானே கண்டுபிடித்துக் குவியம் வைக்கிறது. ஆனால் கை நடுக்கத்தைத் தாங்கும் ஏற்பாடு உள்ளே கிடையாது. மெமரி கார்டு ஒன்றுதான் போடலாம். அது பழுதானால் அன்றைய வேலை முழுவதும் போயிற்று. சாட்சியே இல்லாத வழக்கு.

பிரதிவாதிக்கு நடுக்கம் தாங்கும் ஏற்பாடு உண்டு, கார்டு இரண்டு, மங்கிய வெளிச்சத்தில் புள்ளி புள்ளியாக உதிராத படம். ஆனால் செங்கல் கனம். லென்ஸ் அதைவிடக் கனம்.

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இரு தரப்பிலும் நியாயம் இருக்கும்போது அவசரப்படுகிறவன் முட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

கடைக்குப் போனோம். மைத்துனனின் பள்ளித் தோழர் நடத்தும் கடை. மைத்துனனும் ஒட்டிக்கொண்டு வந்தான்.

அவள் வாதியைக் கையில் எடுத்ததும் கடைக்காரர், "அம்மா பிடிக்கிற பிடியே சரியா இருக்கே" என்றார். விற்கிறவர் சொல்வதற்கு என்ன மதிப்பு? நான் உத்தரவாத அட்டையைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் நின்று படித்தேன். நான்காம் பிரிவு: 'முறையற்ற பயன்பாட்டால் நேரும் பழுதுகளுக்குப் பொறுப்பில்லை.' முறையற்ற பயன்பாடு எது என்று எங்கும் வரையறுக்கப்படவில்லை. இதைவிடப் பெரிய ஓட்டையை வைத்து ஒரு பத்திரம் எழுத முடியாது.

"இங்க பாருங்க, சிரிங்க" என்றாள். நிமிர்வதற்குள் எடுத்துவிட்டாள். படத்தில் நான் அட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"அத்தான், கேமரா வாங்கப் போறீங்களா, இல்ல கேமரா மேல கேஸ் போடப் போறீங்களா?" இது மைத்துனன். கடைக்காரர் சிரித்தார். அவளும்.

"ரெண்டுலயும் ஒண்ணொண்ணுதான் சார் இருக்கு. அம்மாவுக்குன்னு எடுத்து வைக்கிறேன். இந்த வாரத்துக்குள்ள சொல்லிடுங்க."

"எழுத்துல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.

மார்ச் 12, புதன்

முக்கியமான ஒன்றைக் கண்டுபிடித்தேன். நாடக மேடைகளில் இப்போது எல்.இ.டி விளக்குகள். அவை நம் கண்ணுக்குத் தெரியாமல் விட்டுவிட்டு எரிகின்றன. நாடகம் நடக்கும்போது கேமரா சத்தம் போடக் கூடாது. சத்தமில்லாத முறையில் எடுத்தால், அந்தத் துடிப்பு படத்தில் குறுக்குப் பட்டைகளாக விழும். பிரதிவாதியில் விளக்குக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் வசதி உண்டு. வாதியில் இல்லை.

சாப்பிடும்போது விளக்கினேன். கவனமாகத்தான் கேட்டாள்.

"பட்டை விழுந்தா விழட்டுமே. ஆளு தெரிவாங்கல்ல?"

தலை போனாலும் தொப்பி இருக்கிறதே என்பது போல!

மார்ச் 13, வியாழன்

நான்காம் பிரிவைப் பற்றி விளக்கம் கேட்டுக் கடைக்கு என் அலுவலகத் தாளில் கடிதம் அனுப்பிவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

மாலை மைத்துனன் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று கடிதத்தை நீட்டினான்.

"இது என்னத்தான்?"

"விளக்கம் கேட்டிருக்கேன்."

"விளக்கமா? கடைசியில என்ன எழுதியிருக்கீங்க, படிங்க. 'ஏழு நாட்களுக்குள் பதில் தரத் தவறினால், தங்கள் செலவிலும் பொறுப்பிலும் மேல்நடவடிக்கை எடுக்கப்படும்.' அவன் பொண்டாட்டி இதைப் படிச்சுட்டு அழுதிருக்கா! கடைக்கு சீல் வைக்கப் போறாங்களான்னு கேக்கறா!"

கடைசிப் பத்தி பழக்கத்தில் வந்தது. நான் எழுதும் எல்லாக் கடிதங்களும் அப்படித்தான் முடியும். படிக்கத் தெரிந்த யாருக்கும் அது வெறும் மரபு என்று புரியும்.

கேமராக்கள் இரண்டையும் கடைக்காரர் கடிதம் வந்த அன்றைக்கே வேறு யாருக்கோ விற்றுவிட்டாராம். "வக்கீல் சகவாசம் வேணாம்ப்பா, கும்புடு போட்டு அனுப்பிடு" என்று சொன்னாராம்.

மனைவி உள்ளேயிருந்து வந்து கடிதத்தை வாங்கினாள். முழுவதும் படித்தாள். மடித்தாள். மேசையில் வைத்து மேலே என் மூக்குக்கண்ணாடியை வைத்தாள், காற்றில் பறக்காமல்.

நான் என்ன தப்பா கேட்டுட்டேன்? யாருக்காகக் கேட்டேன்? நாளைக்கு அது ரிப்பேராகி, கடைக்காரன் கையை விரிச்சா அப்ப யார்கிட்ட வந்து நிப்பாங்க? என்கிட்டதானே! எல்லாரும் சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டுடுவாங்க. அப்புறம் அழுதுக்கிட்டே வந்து நிப்பாங்க. முப்பது வருஷமா பார்க்கறேன் இதை.

மார்ச் 18, செவ்வாய்

வேறு நான்கு கடைகளில் விசாரித்தேன். சரக்கு வர இரண்டு வாரமாம்.

மார்ச் 20, வியாழன்

கருத்துரையை எழுதி முடித்துவிட்டேன். தீர்ப்பு பிரதிவாதிக்குச் சாதகம், காரணங்கள் வரிசையாக. அவள் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நீட்டினேன்.

"சனிக்கிழமை முடியட்டும், படிக்கிறேன்."

"எதை வச்சு எடுக்கப் போற?"

"அவகிட்ட பழசு ஒண்ணு இருக்காம். வாதிக்கு அண்ணன் முறை." சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டாள். "நீங்க வச்ச பேருதான்."

இஸ்திரி போட்டதெல்லாம் என் சட்டைகள்.

மார்ச் 22, சனி

போனேன். என்னை யாரும் அழைக்கவில்லை; டிக்கெட் வாங்கிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

நாடகம் பற்றிக் கருத்து இல்லை. ஒலிபெருக்கி மேடையில் முணுமுணுக்கிறாள், அது கடைசி வரிசைக்குக் கேட்கிறது. அவ்வளவு தெரியும்.

மேடைக்கு முன்னால் தரையில் யாரோ குப்புறப் படுத்து ஊர்ந்துகொண்டிருந்தார்கள். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. விளக்கு வைக்கிற பையன் என்று நினைத்தேன். இடைவேளையில் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டபோதுதான் தெரிந்தது. முட்டிவலி என்று மூன்று வருடமாக மொட்டை மாடிக்கு ஏறாதவள்.

அந்தச் சட்டை எப்போது வாங்கினாள்?

வெளியே வந்தபோது ஒலிபெருக்கியிடம் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் கைகள் பேசி நான் பார்த்ததில்லை. தனியாக நடந்து வந்துவிட்டேன்.

மார்ச் 26, புதன்

படங்களை அவள் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் சொன்னது சொன்னபடி. குறுக்கே மங்கலாகப் பட்டைகள். விரலை வைத்துக் காட்டினேன்.

"ஆமாங்க, இருக்கு" என்றாள். ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்ட பிறகும் அங்கேயே நின்றாள். "இவ்ளோ நேரம் அதைத்தான் பாத்தீங்களா?"

வேறு எதைப் பார்க்க வேண்டும்?

மார்ச் 29, சனி

தம்பியோடு போய்க் கேமரா வாங்கி வந்துவிட்டாள். அதே கடையில். அவளுக்காக அந்த ஆள் எங்கிருந்தோ வரவழைத்துக் கொடுத்திருக்கிறார். மைத்துனன் வாய் கொள்ளாத சிரிப்போடு சொன்னான்: "அம்மாவுக்குன்னா எப்ப வேணா தரேன், சார் மட்டும் கடைப்பக்கம் வராம பாத்துக்கங்கன்னு சொல்றான் அத்தான்."

வாதியையே வாங்கியிருக்கிறாள். காரணம் கேட்டேன்.

"கைக்குப் பழகிடுச்சு."

என் கருத்துரை அலமாரியில், இன்னும் பிரிக்காத உறையில் இருக்கிறது. படித்துவிட்டு நிராகரித்திருந்தால் மேல்முறையீட்டுக்காவது வழி உண்டு.

ஏப்ரல் 3, வியாழன்

உத்தரவாத அட்டையை அவளே பூர்த்தி செய்து அனுப்பிவிட்டாள். நான்காம் பிரிவைப் படித்தாளா என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

குழுவோடு புறப்படுகிறாள். பல ஊர்கள். மழைக்கு முன்னால் திரும்புவார்களாம்.

"போகலாமான்னு கேட்டிருக்கலாம்" என்றேன்.

"கேட்டா நீங்க பாத்துச் சொல்றேம்பீங்க." கோபமாகச் சொல்லவில்லை, வங்கியில் கணக்கு சரிபார்த்துச் சொல்கிற தொனி. "நீங்க பாத்துச் சொல்றதுக்குள்ள எனக்கு வயசாயிடுங்க."

வாடகை வண்டி வந்ததும் கேமராவை எடுத்து வாசலில் நின்ற என்னை ஒரு படம் எடுத்தாள். இந்த முறை சிரி என்று சொல்லவில்லை.

கேஸ் சிலிண்டர் தீர்ந்தால் யாருக்குப் பேச வேண்டும், தோசை ஊற்றும் முன்பு மாவில் எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. எல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறாள். ஓர் ஓட்டை கிடையாது.

ஏப்ரல் 27, ஞாயிறு

பேசினாள். போனில் ஒரே இரைச்சல். "சாப்டீங்களா?" என்றது கேட்டது. பின்னால் யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்; அக்கா இல்லை, மேடம் இல்லை, வெறும் பெயர். "வந்துட்டேன்!" என்று அங்கே கத்தினாள்.

மே 18, ஞாயிறு

நேற்று வங்கியில் நடந்தது. எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன்.

நாடகம் நம் ஊருக்குத் திரும்ப வருகிறது. வங்கிக்கு எதிர்ச் சுவரில் பெரிய சுவரொட்டி. ஒலிபெருக்கியின் முகம், வாயைத் திறக்கப் போகும் நொடி. கன்னத்தின் குறுக்கே பட்டைகள். வங்கி ஜன்னலிலிருந்தே எண்ணலாம். போகிற வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். ஒருவருக்கும் பட்டை தெரியவில்லை.

கீழே சிறிய எழுத்தில்: படம். பிறகு அவள் பெயர். பெயருக்கு முன்னால் நிற்பது அவளுடைய அப்பாவின் முதலெழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு எல்லாத் தாள்களிலும் என் எழுத்துத்தான். நானே மாற்றிக் கொடுத்தேன், உறுதிமொழிப் பத்திரத்தோடு.

மேலாளர் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். "பிரமாதமா எடுத்திருக்காங்க இல்ல? பேரைப் பாத்ததும் உங்க வீட்டம்மாவோன்னு நினைச்சேன் சார். ஆனா இனிஷியல் வேறயா இருக்கு."

"ஒரே பேர்ல ஊர்ல எத்தனையோ பேர் இருக்காங்க சார்" என்றேன்.

இந்தக் கூற்றில் பொய் எதுவும் இல்லை.